தாத்தா ஓட்டாத எஞ்சின்

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது 'என் தாத்தா' என்ற தலைப்பில் ஆசிரியை கட்டுரை எழுதச் சொன்னார். 'என் தாத்தா இரயில் ஓட்டுநர். கரும்புகை கக்கும் நீராவி இரயிலை அவர் கெமாஸ் நிலையத்திலிருந்து ஓட்டிச் செல்வார்' என்று எழுதினேன். கட்டுரை வகுப்பில் வாசிக்கப்பட்டது. 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதி, ஒரு நட்சத்திரமும் ஒட்டிக் கொடுத்தார். வீட்டிற்கு வந்ததும் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"எழுத்து அழகா இருக்கும்மா. ஆனா நான் டிரைவர் இல்ல, பையர்மேன்" என்றார்.

நான் அழிப்பானை எடுக்கவில்லை. நட்சத்திரம் போய்விடுமே!

தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். முதலாம் படிவத்தில், குடும்பத்தைப் பற்றி மலாய்மொழியில் பேச வேண்டியிருந்தது. தாத்தா 'பையர்மேன்' என்றதும் வகுப்பே அவரைத் தீயணைப்பு வீரர் என்று நினைத்துக் கைதட்டியது. பொம்பா வண்டியில் ஏறியிருக்கிறாயா என்று கேட்டார்கள். விளக்கம் சொல்ல அப்போது எனக்கு மலாய் போதவில்லை என்பது பாதி உண்மை. கைதட்டல் பிடித்திருந்தது என்பது மீதி. அதன்பிறகு யார் கேட்டாலும் 'இரயில் ஓட்டுநர்' என்றே சொல்லிப் பழகிவிட்டேன். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தப் பொய் மாட்டிக்கொண்ட இடம் இங்கிலாந்து.

இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் வட இங்கிலாந்தில் இரு தவணைகள் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது. நவம்பர் மாதம், மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். யார்க் நகரில் ஒரு நாள் பேருந்தைத் தவறவிட்டு நின்றபோது, ஒரு தேவாலய மண்டபத்தின் வாசலில் 'மாதிரி இரயில் மன்றம், செவ்வாய்தோறும், அனைவரும் வரலாம்' என்ற பலகையைக் கண்டேன். உள்ளே வெப்பமூட்டி இருக்கும் என்ற ஒரே எண்ணத்தில்தான் போனேன். பொறியியல் ஆர்வமெல்லாம் பிறகு வந்தது.

உள்ளே பத்துப் பதினைந்து பேர். எல்லாருக்கும் தாத்தா வயது. மண்டபத்தின் நீளத்திற்கு மேசைகளைப் போட்டு, அவற்றின்மேல் ஓர் ஊரையே கட்டி வைத்திருந்தார்கள். நிலையம், பாலம், ஆட்டு மந்தை, குடை பிடித்த ஒரு பெண்மணி, எல்லாம் இருந்தன. அவர்களுடைய வண்டிகள் 'டபுள் ஓ' எனப்படும் அளவைச் சேர்ந்தவை. அசல் வண்டியின் ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்பது கணக்கு. அப்படியானால் நான்கு அடி எட்டரை அங்குல அகலமுள்ள பிரிட்டிஷ் இருப்புப்பாதை, மாதிரியில் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் மேசையில் ஓடும் பாதையோ 16.5 மில்லிமீட்டர்தான்!

காரணம் வேடிக்கையானது. 16.5 என்பது ஐரோப்பாவின் சற்றுச் சிறிய அளவுக்கு உரிய பாதை. பிரிட்டனின் எஞ்சின்கள் அங்குள்ளவற்றைவிட உடல் சிறியவை. அக்காலத்து மின்மோட்டாரை அந்தச் சிறிய உடலுக்குள் திணிக்க முடியவில்லை. ஆகவே பாதையை அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சினை மட்டும் பெரிதாக்கிவிட்டார்கள். இன்றைக்கும் அந்நாட்டின் பெரும்பாலான மாதிரி இரயில்கள், அசலில் ஏழு அங்குலம் குறுகிய பாதையில் ஓடுவதற்குச் சமமான நிலையில்தான் ஓடுகின்றன. எல்லாருக்கும் இது தெரியும். எல்லாரும் தெரியாததுபோல் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் பொறுக்கமாட்டாமல், 18.83 மில்லிமீட்டர் பாதையைத் தாமே கையால் அமைத்துக்கொண்டு மண்டபத்தின் மூலையில் தனியாக இருந்தார். அவரை நான் மனத்துக்குள் 'மில்லிமீட்டர் மாமா' என்று அழைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குத் தேநீர். அப்போதுதான் உண்மையான கூட்டம் தொடங்கும். பிரிட்டனின் நீராவி எஞ்சின்களில் எது சிறந்த வடிவமைப்பு? ஆண்டுக்கணக்காக இதே வாதம்தான் நடக்கிறதாம். நம் வீடுகளில் சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதை ஒத்த வாதம் அது.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு 'மல்லார்ட்' தெய்வம். சர் நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 வகை எஞ்சின் அது. 1938 ஜூலை 3ஆம் நாள் மணிக்கு 126 மைல், அதாவது 203 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அந்தச் சாதனை நீராவி எஞ்சின்களுக்குள் இன்றும் நிற்கிறது. "இறக்கத்தில் ஓடியது. போதாக்குறைக்கு நடு உருளையின் தாங்கி சூடேறி, பாதி வழியில் நின்றது" என்பார் கணித ஆசிரியராக இருந்த இன்னொருவர். இவர் கிரேட் வெஸ்டர்ன் பக்தர். புகைபோக்கியில் செம்பு விளிம்பு வைத்த 'காசில்' வகைதான் இவருக்கு எஞ்சின். இவரிடம் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. 1925இல் இரு நிறுவனங்களும் எஞ்சின்களை மாற்றி ஓட்டிப் பார்த்தன. கிரெஸ்லியின் பெரிய எஞ்சினைவிட உருவத்தில் சிறிய காசில், குறைவான கரியில் அதே வேலையைச் செய்தது. அதன்பிறகே கிரெஸ்லி தம் எஞ்சின்களின் வால்வு அசைவின் நீளத்தைக் கூட்டினார். "ஆக, உங்கள் மல்லார்டின் வேகம் எங்களிடம் கற்றது!" என்று அவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்குவார். பேருந்து ஓட்டுநருக்கு முகம் சிவந்துவிடும்.

தெற்குப் பகுதியிலிருந்து குடிவந்த ஒருவர் புல்லீடின் 'மெர்ச்சன்ட் நேவி'க்காகப் பேசுவார், பாவம். 1941இல் வந்த அந்த எஞ்சினின் வால்வுகளைச் சங்கிலிகள் இயக்கின. அவை முழுவதும் மூடிய எண்ணெய்த் தொட்டிக்குள் சுழன்றன. கேட்பதற்கு மிக நவீனம். ஆனால் எண்ணெய் கசிந்து உறைக்குள் ஊறி, சில வேளைகளில் எஞ்சினே தீப்பிடித்துக்கொண்டது. பிற்பாடு அவை எல்லாவற்றையும் சாதாரண அமைப்புக்கு மாற்றிக் கட்டினார்கள். அவர் வாயைத் திறந்ததும் யாராவது ஒருவர் தீயணைப்பானைக் காட்டுவார்.

இவர்களில் யாரும் எஞ்சின் ஓட்டியவர்கள் அல்லர் என்பதைக் கவனித்தேன். சிறுவயதில் மேடையில் நின்று, நோட்டுப் புத்தகத்தில் எண்களைக் குறித்தவர்கள். ஒருவர் மட்டும் விதிவிலக்கு. அவர் அதிகம் பேசமாட்டார். 1965இல், பதினைந்து வயதில், யார்க் எஞ்சின் கொட்டகையில் எஞ்சின் துடைக்கும் பையனாகச் சேர்ந்தவர். அந்தக் கொட்டகைதான் இன்று தேசிய இரயில்வே அருங்காட்சியகத்தின் பெரிய மண்டபம். மக்கள் படம் எடுத்துக்கொள்ளும் இடத்தில் இவர் சாம்பல் அள்ளியிருக்கிறார்.

அவரிடம் எது சிறந்தது என்று கேட்டார்கள். "9எஃப்" என்றார். மற்றவர்கள் முனகினார்கள். 1954 முதல் 1960 வரை கட்டப்பட்ட, பத்து இயக்கு சக்கரங்கள் கொண்ட சரக்கு எஞ்சின் அது. பிரிட்டிஷ் இரயில்வேக்காகக் கட்டிய கடைசி நீராவி எஞ்சினான 'ஈவினிங் ஸ்டார்' அந்த வகைதான் என்றாலும், அழகுப் போட்டியில் அதை யாரும் மேடை ஏற்றமாட்டார்கள்.

"மற்ற எஞ்சின்களில், ஓட்டம் முடிந்தபின் கட்டிதட்டிய சாம்பலை நீண்ட கரண்டியால் நெருப்பு வாசல் வழியாக இழுத்து எடுக்க வேண்டும். பிறகு அடியில் படுத்து, சாம்பல் தட்டைச் சுரண்ட வேண்டும். 9எஃப்பில் ஒரு நெம்புகோலை ஆட்டினால் தட்டி அசைந்து எல்லாம் கீழே விழும். வடிவமைத்தவர் எங்களை நினைத்திருக்கிறார்" என்றார் அவர்.

மண்டபம் கொஞ்சம் அமைதியானது. பிறகு யாரோ என் பக்கம் திரும்பி, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள, பழைய நட்சத்திரத்தையே எடுத்து ஒட்டிக்கொண்டேன்.

"என் தாத்தா மலாயாவில் நீராவி எஞ்சின் ஓட்டுநர்."

சாம்பல்காரர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "எந்தத் தடம்? எந்த வகை? கரியா, எண்ணெயா?" என்று வரிசையாகக் கேட்டார். மூன்றில் ஒன்றுக்குக்கூட எனக்கு விடை தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். கையைக் குலுக்கிய அந்தக் கிழவருக்கு என் தாத்தாவைப் பற்றி இருந்த அக்கறையில் கால்வாசி எனக்கு இருந்ததில்லை. தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிற்கு அழைத்தேன். எனக்குக் காலை ஒன்பது, அங்கே மாலை ஐந்து. தாத்தாவுக்கு எண்பத்தாறு வயது. காது மந்தம் என்பதால் காணொலி அழைப்பில் முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவருவார். நெற்றி மட்டும்தான் தெரியும்.

"தாத்தா, நீங்க வேலை செஞ்ச எஞ்சின் என்ன எஞ்சின்?"

"யாரு கேட்டா?"

"நான்தான்."

கொஞ்ச நேரம் நெற்றி அசையவில்லை. பிறகு பேச ஆரம்பித்தவர் நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. 1957இல், பதினெட்டு வயதில் சேர்ந்திருக்கிறார். முதன்மைத் தடத்தில் ஓடும் டீசல் எஞ்சின்கள் வந்து இறங்கத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அவர் ஏறியது 'ஐம்பத்தாறு' வகை. என் தாத்தா கரியை அள்ளியவர் அல்லர். அவர் ஏறிய காலத்தில் அவை எண்ணெயில் ஓடின. பையர்மேன் வேலை என்பது எண்ணெய் வால்வையும் அதைத் தூவும் நீராவி வால்வையும் பிடித்துக்கொண்டு, புகைபோக்கியைப் பார்த்தபடியே இருப்பது. கறுப்பாகப் புகைந்தால் எண்ணெய் அதிகம். ஒன்றுமே வராவிட்டால் காற்று அதிகம். குழாய்களில் கரி படிந்தால், ஓடும்போதே நெருப்பு வாசலில் ஒரு கரண்டி மணலை வீசுவார்களாம். இழுவையில் மணல் குழாய்களைத் தேய்த்துக்கொண்டே போய், புகைபோக்கி வழியாகக் கன்னங்கரேலென்று வெளியேறுமாம்.

"கையில இருக்கிற தழும்பு?" என்று கேட்டேன். அவருடைய வலது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கியிருக்கும். முறுக்கு சுடும் எண்ணெய் கொட்டிவிட்டது என்று பாட்டி சொல்வார்.

"எண்ணெய்தான். முறுக்கு எண்ணெய் இல்ல" என்று சிரித்தார். நெருப்பு அணைந்துபோயிருக்கிறது. பந்தம் கொளுத்தி வைத்துத்தான் மறுபடி எண்ணெயைத் திறக்க வேண்டும். செங்கல் இன்னும் சிவப்பாக இருக்கிறதே, தானே பற்றிக்கொள்ளும் என்று இவர் திறந்துவிட்டார். ஆவி சேர்ந்து, ஒரே அடியாக வாசல் வழியாக வெளியே வந்தது. "அவசரப்பட்டது நான்தான். ஓட்டுநர் எத்தனையோ தடவ சொல்லியிருந்தாரு." தெரிந்தால் வேலையை விடச் சொல்லிவிடுவார் என்று தம் தாயாரிடம் மறைத்தாராம். பாட்டிக்கும் வாக்குறுதி வாங்கிக்கொண்டாராம். பாட்டி இறக்கும்வரை அதைக் காப்பாற்றிவிட்டார். அம்மாவுக்கே தெரியாது.

அடுத்த செவ்வாய், தேநீருக்குக்கூடக் காத்திராமல் சாம்பல்காரரிடம் போனேன். "அவர் ஓட்டுநர் இல்லை. பையர்மேன். நான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். தவறாக என்பதற்கும் பொய்யாக என்பதற்கும் இடையே நாக்கு சற்றுத் தடுமாறியது.

"அதுவாவது ஆனாரே. நான் பையர்மேனாக ஏறுவதற்குள் யார்க்கில் நீராவியே போய்விட்டது" என்றார்.

ஐம்பத்தாறு என்றதும் மண்டபத்தில் பெரிய பரபரப்பு. மறுவாரமே ஒருவர் பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் மலாயாவுக்காகக் கட்டிய எஞ்சின். 4-6-2 சக்கர அமைப்பு, மூன்று உருளைகள். நம் நாட்டின் ஒரு மீட்டர் பாதைக்கு ஏற்ப எடை குறைந்தது. "அதே 1938! அதே சக்கரம்! அதே மூன்று உருளை! மல்லார்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை!" என்று பேருந்து ஓட்டுநர் துள்ளினார். "வால்வு அமைப்பு வேறு, அதைவிட நவீனம்" என்று கணித ஆசிரியர் உடனே குறுக்கிட்டார். இம்முறை அவர் சொன்னதுதான் சரி. அதில் கேம்களால் இயங்கும் பாப்பெட் வால்வுகள். வாதம் ஒன்பதரை வரை நீண்டது. தேவாலயக் காவலாளி விளக்கை அணைத்துப் போட்டு எச்சரித்தார்.

மில்லிமீட்டர் மாமா மட்டும் பேசவில்லை. ஓர் உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மீட்டர் பாதை, அவர்களுடைய அளவில் 13.1 மில்லிமீட்டர். எஞ்சினை ஐரோப்பிய அளவான எண்பத்தேழில் ஒரு பங்காகச் செய்தால் 11.5 ஆகும். 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையிலேயே கிடைக்கிறது. "அரை மில்லிமீட்டர் தவறு" என்று வருத்தத்துடன் சொன்னார். பிறகு, "பரவாயில்லை" என்றார். அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லையாம்.

பித்தளைத் தகட்டில் உடல் வெட்டப்பட்டது. எனக்குப் பற்றவைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். விரலை இரண்டு முறை சுட்டுக்கொண்டேன். என்ன வண்ணம் பூசுவது என்று தாத்தாவைக் கேட்டதற்கு, "எண்ணெய்க் கரி நிறம்" என்றார். அது எந்த நிறுவனத்தின் வண்ண அட்டையிலும் இல்லை. ஊர் திரும்ப மூன்று வாரமே இருந்தபோது, சாம்பல்காரர் ஒன்று கேட்டார். ஓட்டுநர் அறைக்குள் மணல் வாளி வைக்க வேண்டுமே, எங்கே வைப்பது? புத்தகத்தில் அது இல்லை.

அந்த ஞாயிறு தாத்தாவைக் கேட்டேன். "வாளியா... பக்கத்துலதான்... வலதா, இடதா..." என்று நினைவில் துழாவினார். வரவில்லை. பிறகு கைத்தொலைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். முதன்முறையாக முழு உருவமும் தெரிந்தது. வரவேற்பறையின் நடுவே கால்களை அகட்டி நின்றார். இல்லாத வால்வை இடக்கையால் பிடித்தார். இல்லாத புகைபோக்கியை எட்டிப் பார்த்தார். உடம்பு இலேசாக ஆடியது, தண்டவாளத்தின் மேல் நிற்பதுபோல. பிறகு பார்க்காமலேயே, தழும்புள்ள கையைப் பின்னால் நீட்டிக் குனிந்தார்.

"அப்பா! என்ன பண்றீங்க, விழுந்துடப் போறீங்க!" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

தாத்தா நிமிரவில்லை. "எழுதிக்கம்மா" என்றார் என்னிடம். "வலது காலுக்குப் பின்னால. ஒரு சாண் தள்ளி."