அப்பாயியின் கல்

கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்பக்கமாக ஏறினால் ஒரு சின்ன மயானம் இருக்கிறது. பிரிட்டிஷ் காரிசன் மயானம். போன வருசம் நண்பர்களோடு சும்மாதான் போனேன். புல் வெட்டி, கல்லெல்லாம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். 1824இல் இறந்த சேர் ஜோன் டொய்லி, 1856இல் யானை தாக்கி இறந்த ஒருவர், சின்ன வயசிலேயே போன பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பெயர், திகதி. ஒரு காலத்தில் காடு மண்டிக் கிடந்த இடத்தைத் துப்புரவாக்கி மீட்டிருக்கிறார்கள். நல்ல விசயம்தான்.

வெளியே வரும்போதுதான் உறைத்தது. எங்க ஆட்களும் கடல் கடந்துதானே வந்தார்கள்?

முதலில் கோப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. மன்னார் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தார்கள். பசியிலும் கொலராவிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல் கிடையாது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லருக்கு மகியாவையில் கல் இருக்கிறது. அந்தத் தேயிலையை நட்ட கைகளுக்கு?

எங்கள் தோட்டத்து மயானம் லயத்துக்கு மேலே, ஒரு சரிவில் இருக்கிறது. மதில் இல்லை, எல்லைக்கல் இல்லை. ஆற்றிலிருந்து தூக்கி வந்த கல்தான் அடையாளம். அப்பாயியின் கல்லில் அப்பா பெயின்றால் பெயர் எழுதினார். ரெண்டு மழைக்காலத்தில் அது போய்விட்டது. கீழ்ப்பக்கம் புதுக் கன்று நடும்போதெல்லாம் மயானம் கொஞ்சம் சுருங்கும். நிலம் எங்களுடையது இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

இது வெறும் பாசத்துக்காகச் சொல்வதில்லை. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் வழியில் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பலரிடம் அப்படியொரு கடதாசி இருக்கவில்லை. பாட்டன் கிடந்த குழி இந்த மலையில் இருந்தது, ஆனால் அதை எந்தக் கந்தோரிலும் காட்ட முடியாதே. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டார்கள். போனவர்கள் சட்டி பானையைக் கொண்டுபோனார்கள். புதைத்தவர்களை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்தக் குழிகளைப் பார்க்க இப்போது ஆளில்லை.

மார்கழி லீவில் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு சரிவில் ஏறினேன். எனக்குப் புல்லாகத் தெரிந்த இடமெல்லாம் அவருக்கு ஆட்கள்.

"இது ஒங்க பாட்டனோட தம்பி. கவ்வாத்து வெட்டுறதுல கெட்டிக்காரன். இது இந்தியாவுக்குப் போனாங்களே, அவங்களோட மூத்த பொண்ணு. பிரசவத்துல போயிருச்சு."

"இது யாரு தாத்தா?"

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "தெரியலையேப்பா. ஒங்க அப்பாயி இருந்திருந்தா சொல்லியிருப்பா."

அன்றைக்கு 31 பெயர் எழுதினேன். போனில் படம் எடுத்து, எந்தக் கல்லுக்கு எத்தனை அடி தள்ளி என்று ஒரு கொப்பியில் வரைந்தேன். அப்பாயியின் கல்லில் இந்த முறை பெயின்ற் அடிக்கவில்லை, உளியால் வெட்டினோம். எழுத்து கோணல்தான், பரவாயில்லை.

பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போறீங்கன்னா, வயசான ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு ஒருமுறை மேலே ஏறுங்க. கொப்பியும் பேனையும் போதும். அவங்க இருக்கும்போதே போங்க.