கொழுக்குமலைக்கு மூட்டை கட்டுறோம்!

ஆபீஸ் நண்பர்கள் மூணு பேர், முதல் தடவையாகக் கூடாரத்தில் தூங்கப் போகிறோம். இடம் கொழுக்குமலை. 7,000 அடிக்கு மேல்! கீழே போடியில் ஃபேன் சுற்றும் ராத்திரியில் அங்கே பல் தந்தியடிக்கும்.

லிஸ்ட் போட்டோம். ஒருத்தன் கேரம் போர்டு என்றான். இன்னொருத்தன், "குளிர் காய மண்ணெண்ணெய் எடுத்துக்கலாம்டா!" என்றான். மூச்! 2018 மார்ச்சில் இதே மலைச் சரிவில்தான் குரங்கணிக் காட்டுத்தீ, மலையேறப் போன 20 பேருக்கு மேல் பலி வாங்கியது.

குளிருக்கு வேறு வழி இருக்கிறது சார். தரையும் உடம்புச் சூட்டை உறிஞ்சும். இரண்டு கம்பளி இருந்தால் ஒன்றைக் கீழே விரிக்கணும். ஃபோம் பாய் கிடைத்தால் உத்தமம். படுக்கும்போது மாட்டிக்கொள்ள, நனையாத சாக்ஸ் ஒரு ஜோடி பிளாஸ்டிக் பையில் தனியே.

கேரம் போர்டு அவுட். கேரம் பார்ட்டியின் அரைக் கிலோ இட்லிப் பொடி மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அதில் கை வைத்தால் டூரே கேன்சலாம்!