இரு காதுகளுக்கும் சம அளவில்

பேச்சொலியைக் கேட்டறிதல் குறித்த ஆய்வுக் கட்டுரைகளின் முறையியல் பகுதியில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: ஒலிகள் ஹெட்ஃபோன் வழியே இரு காதுகளுக்கும் சம அளவில் வழங்கப்பட்டன. படிப்பவர் அதில் நிற்பதில்லை. எழுதியவரும் பெரும்பாலும் நின்றிருக்கமாட்டார். அந்தச் சமம் எந்த இடத்தில், எதைக்கொண்டு அளக்கப்பட்டது என்ற வினாவை எனக்குள் எழுப்பியது கருத்தரங்கு எதுவுமன்று, பெங்களூரு ஜே.சி. சாலையில் கார்களுக்கு ஒலியமைப்புப் பொருத்தித் தரும் ஒரு சிறிய கடை. ஒலிச்சோதனை செய்யவிருக்கும் மாணவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விடுதி நண்பர் ஒருவர் பழைய கார் வாங்கியிருந்தார். முந்தைய உரிமையாளர் முன்னிருக்கைக்கு அடியில் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பொருத்திவைத்திருந்தார். பாட்டு வலப்பக்கமாகவே சாய்ந்து ஒலிக்கிறது என்பது நண்பரின் குறை. கடைக்காரர் வயதில் மூத்தவர். எல்லாரும் பாய் என்றே அழைக்கிறார்கள். அவர் பாட்டைக் கேட்கவே இல்லை. ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றினார். பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ் ஆகிய அனைத்தையும் சுழிக்குக் கொண்டுவந்தார். பேலன்ஸை நடுவில் நிறுத்தினார். பென்டிரைவிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் சைன் அலைத் தொனி ஒன்றை ஓடவிட்டு, வால்யூமை முக்கால் அளவில் வைத்தார். பிறகு மல்டிமீட்டரை மாறுமின்னழுத்தத்துக்குத் திருப்பி, இரு முனைகளையும் ஒவ்வொரு சேனலின் இரு திருகுகளிலும் வைத்துப் பார்த்தார். கறுப்பு முனையைக் காரின் உடலில் வைக்கவில்லை. ஏனென்று கேட்டேன். பல கருவிகளில் ஸ்பீக்கரின் எதிர்க்கம்பியும் மின்னோட்டம் உள்ள கம்பியே, உடலோடு சேர்ந்ததன்று என்றார்.

கணக்கு எளியது. பெட்டியின் மேல் சேனலுக்கு 50 வாட், 4 ஓம் என்று எழுதியிருந்தது. திறனை மின்தடையால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எட்டவேண்டிய மின்னழுத்தம் கிடைக்கும்: 200இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 14.1 வோல்ட். கெயின் என்ற குமிழ் ஒலியைக் கூட்டுவதற்கு உரியது என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது முன்னாலுள்ள கருவி அனுப்பும் சமிக்ஞையின் அளவை ஆம்ப்ளிஃபையரின் எல்லையோடு பொருத்துவதற்கானது. எல்லையைத் தாண்டித் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்படும். அந்த வெட்டை மல்டிமீட்டர் காட்டாது. எண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். அதைக் கண்ணால் காண ஆசிலோஸ்கோப் வேண்டும்.

மீட்டர் காட்டியது: முன் இடது 13.9, முன் வலது 12.4. வேறுபாடு ஏறத்தாழ 1 டெசிபல். நண்பர் வலப்பக்கம் சாய்கிறது என்கிறார். கம்பியிலோ இடப்பக்கமே ஓங்கியிருக்கிறது!

பாய் உள்ளே வரும் இரு கேபிள்களையும் இடம் மாற்றிச் செருகினார். வேறுபாடு கேபிளோடு போயிருந்தால் பழுது முன்னால் இருக்கிறது என்று பொருள். போகவில்லை, அதே சேனலில் நின்றது. ஆகவே பழுது ஆம்ப்ளிஃபையருக்குள். இரு சேனல்களுக்கும் ஒரே கெயின் குமிழ்தான். அதன் தண்டு ஒன்று, உள்ளே தடைப்பாதைகள் இரண்டு. ஒன்றில் அழுக்குப் படிந்தாலோ, இரண்டும் ஒரே சீராகத் தேயாவிட்டாலோ ஒரே திருப்பலுக்கு இரு விளைவுகள் வரும். குமிழை இரு எல்லைகளுக்கும் பலமுறை திருப்பிவிட்டு மீண்டும் அளந்தார்: 13.9, 13.6. வேறுபாடு 0.2 டெசிபல். காதுக்கு அது பொருட்டன்று.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. பாயின் மீட்டர் எளிய வகை. அத்தகைய மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு அருகில் நன்றாகக் காட்டும். பலவற்றின் கையேடு 400 ஹெர்ட்ஸ் வரைக்கே உறுதி தருகிறது. 1000 ஹெர்ட்ஸில் அது காட்டும் 13.9 மெய்யாகவே 13.9தானா என்பது ஐயத்துக்குரியது. ஆயினும் இரு சேனல்களையும் அதே மீட்டரால், அதே தொனியில், அடுத்தடுத்து அளக்கும்போது பிழை இரண்டிலும் ஒரே விகிதத்தில் அமைகிறது, ஒப்பீடு கெடுவதில்லை. ப்ராட் மென்பொருளில் ஒலிச்செறிவைப் பார்த்து 68 டெசிபல், 72 டெசிபல் என்று எழுதும் நாம் இந்த வேறுபாட்டை அடிக்கடி மறந்துவிடுகிறோம். அளவுத்திருத்தம் செய்யாத ஒலிப்பதிவில் அந்த 68க்குத் தனியே பொருள் கிடையாது. ஒரே பதிவுக்குள் இரண்டுக்கும் இடையிலுள்ள 4க்கு மட்டுமே பொருளுண்டு.

ஸ்பீக்கர்களை மீண்டும் இணைத்துப் பாட்டைப் போட்டதும் நண்பர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கேட்டார். இன்னும் வலப்பக்கமே. முன்பைவிடச் சற்று அதிகமாகவும்கூட. பாய் வியப்படையவில்லை. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். வலக்கதவு ஸ்பீக்கர் அவர் தலையிலிருந்து 90 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால் இடக்கதவு ஸ்பீக்கர் 140 சென்டிமீட்டரில் இருக்கும். அந்த 50 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிவிநாடி ஆகிறது. பக்கவாட்டில் நிற்கும் ஒருவர் பேசினால் நம் இரு காதுகளுக்கும் இடையே ஏற்படும் காலவேறுபாடே 0.7 மில்லிவிநாடிக்கு மேற்போவதில்லை. முந்தி வரும் ஒலியின் திசையையே செவி முழு ஒலிக்கும் திசையாகக் கொள்கிறது என்பது 1949 முதல் ஆய்வுகளில் நிறுவப்பட்ட செய்தி. கம்பியில் சமம், இருக்கையில் சமமன்று.

வலச் சேனலைக் குறைத்து, அதற்குச் சிறு காலத்தாமதமும் கொடுத்தால் ஓட்டுநருக்குப் பாட்டு நடுவில் வந்து நிற்கும். அதைச் செய்வதற்கு முன் பாய் கேட்ட கேள்வி இது: “தம்பி, வண்டியில நீங்க மட்டும் போவீங்களா, பக்கத்துல ஆள் உக்காருவாங்களா?” ஓட்டுநருக்காகத் திருத்தினால் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சாய்வு இருமடங்காகிவிடும். நண்பர் நெடுநேரம் யோசித்துவிட்டு, வாரக்கடைசியில் அம்மா வருவார்கள் என்றார். பாய் தாமதத்தைத் தொடவில்லை. அளவை மட்டும் சிறிது குறைத்து விட்டுவிட்டார்.

மறுவாரம் ஒரு மல்டிமீட்டருடன் சோதனைக்கூடத்துக்குப் போனேன். காரணம் இருந்தது. என் ஆய்வு பெங்களூரில் வாழும் தமிழ்–கன்னட இருமொழியாளர்களைப் பற்றியது. அதன் ஒரு பகுதி இருசெவிக் கேட்டல் சோதனை. இடக்காதில் ஓர் அசை, வலக்காதில் வேறோர் அசை, இரண்டும் ஒரே கணத்தில். வலக்கை வழக்கமுடையவர்களில் பெரும்பாலோர் வலக்காதின் அசையையே மிகுதியாகச் சொல்வர். மொழிக்குரிய இடப்பக்க மூளையை வலக்காது வலிய பாதையில் சென்றடைகிறது என்பது டோரீன் கிமூரா 1961இல் முன்வைத்த விளக்கம். (வழக்கமான ஆறு அசைகளில் ப என்பதன் ஒலிப்பிலா வடிவமும் ஒலிப்புடை வடிவமும் உண்டு. விடைத்தாளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். கன்னட எழுத்தில் அந்தத் தொல்லையில்லை. அது தனிக்கதை.)

ஹெட்ஃபோனைச் செருகிய நிலையிலேயே ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டை அளந்தேன். இடது 0.310 வோல்ட், வலது 0.372 வோல்ட். 1.6 டெசிபல் வேறுபாடு. கோப்பின் இரு சேனல்களையும் இடம் மாற்றினேன்; வேறுபாடு வலப்பக்கமே நின்றது. பிறகு வால்யூம் குமிழைப் படிப்படியாகத் திருப்பி அளந்தேன். பாதியைக் கடந்ததும் அது 0.3 டெசிபலுக்குச் சுருங்கியது. காரில் கண்ட அதே இரட்டைப்பாதைக் குமிழ்! தாழ்ந்த நிலையில்தான் அதன் இரு பாதைகளும் ஒன்றுக்கொன்று மிக விலகுகின்றன.

இந்த 1.6 டெசிபலால் மட்டுமே வலக்காது மேன்மை உருவாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு காதில் ஒலியைக் கூட்டினால் அந்தக் காதின் விடைகள் கூடும் என்பது அறியப்பட்டதே. இங்கே பிழை என் கருதுகோள் விரும்பும் திசையிலேயே சாய்ந்திருந்தது. அதைவிடக் கவலை தந்தது குமிழ். பங்கேற்பாளர் தமக்கு வசதியான ஒலியளவைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்பது பல இடங்களில் வழக்கம். அவ்வாறு விட்டிருந்தால் மெல்லக் கேட்பவருக்கு ஒரு சாய்வும் உரக்கக் கேட்பவருக்கு வேறொரு சாய்வும் போய்ச் சேர்ந்திருக்கும். இரு குழுக்களும் வேறுவேறு அளவை விரும்பினால் அந்த விருப்பமே மூளையைப் பற்றிய முடிவாக அச்சேறும்.

பாதிப் பேருக்கு ஹெட்ஃபோனைத் திருப்பி அணிவித்தால் போதுமே என்றார் மூத்த ஆய்வாளர் ஒருவர். குழுவின் சராசரிக்கு அது போதும். அதைச் செய்யவும் செய்கிறேன். ஆனால் ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் அவர் கன்னடம் கற்கத் தொடங்கிய வயதோடு நான் ஒப்பிடவேண்டும். சராசரியில் கழிந்துவிடும் சாய்வு தனியொருவரின் எண்ணில் கழிவதில்லை.

எனவே குமிழை ஒரே நிலையில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, ஒலியளவைக் கோப்பிலேயே குறைத்துக்கொள்கிறேன். மின்னழுத்தம் சமமானாலும் ஹெட்ஃபோனின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் ஒலிக்கவேண்டும் என்பதில்லை. கேட்பியல் துறையினர் செயற்கைக் காதில் வைத்து ஒலியழுத்தத்தை அளப்பது அதற்காகவே. அந்த அளவீட்டையும் முடித்தாயிற்று. எஞ்சியிருப்பது பாயின் கேள்வி. இரு காதுகளுக்கும் ஒரே ஒலியழுத்தம் தருவதா, அல்லது ஒவ்வொரு காதின் கேட்கும் வரம்புக்கு மேலே ஒரே அளவு தருவதா? இரண்டையும் சமம் என்றே எழுதலாம், இரண்டும் ஒன்றல்ல. நான் முன்னதைத் தேர்ந்தேன். இரு காதுகளின் வரம்புகளும் 5 டெசிபலுக்கு மேல் வேறுபடுபவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்த்தவர்களின் வரம்புகளை அட்டவணையில் தனியே தருகிறேன்.

ஒவ்வொரு அமர்வுக்கும் முன் இரு சேனல்களின் வோல்ட் அளவையும் ஒரு நோட்டில் குறிக்கிறேன். இரண்டு நிமிட வேலை. நான் பயன்படுத்தும் சோதனைத் தொனிகள் மூன்று: இரு பக்கமும் ஒலிப்பது ஒன்று, இடது மட்டும் ஒன்று, வலது மட்டும் ஒன்று. வேண்டுவோர் உட்பெட்டியில் கேட்டால் அனுப்புகிறேன். உங்கள் கூடத்துக் கருவியில் என்ன எண்கள் வந்தன என்பதையும், குமிழ் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.