பழைய தட்டும் புதிய தட்டும்

கெடா மாநிலத்துக் கூலிம் மாவட்டத்தில் உள்ள கரங்கான், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சிற்றூர். பெரட்டுக் களத்து மணியோசையில் கண்விழித்த தலைமுறையின் பிள்ளைகள், பிற்காலத்தில் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறினர். 1972ஆம் ஆண்டில் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றியது. 1996ஆம் ஆண்டில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அங்குள்ள ஃபூஜி எலக்ட்ரிக் ஆலையில் வன்தட்டின் உயிர்நிலையான காந்தத் தகடுகள் உருவாயின. ஆகவே, கணினியின் நினைவு எங்கோ தொலைவில் விளைந்த விந்தை என்று அவ்வட்டாரத்தார் எண்ண வேண்டியதில்லை.

அவ்வூர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, கணினித் துறையில் உழைத்து ஓய்வு பெற்றவர் ஒருவர். அலுவலகம் கழித்துவிட்ட யூனிக்ஸ் கணினி ஒன்றை அவர் வீட்டுக்குக் கொணர்ந்திருந்தார். சன் நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 20 அது. பிறர் கண்ணுக்கு அது தட்டையான இரும்புப் பெட்டி. அவருக்கோ தாயின் குரல். பால்மரம் வெட்டி ஓய்ந்த அன்னை பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும், தமிழ் விசைப்பலகை கிட்டாத அந்நாளில், ரோமன் எழுத்தில் அவர் அதில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அன்னை மறைந்துவிட்டார். வேறு படி எதுவும் இல்லை.

ஒருநாள் வன்தட்டு முனகத் தொடங்கியது. இந்நிலையில் பதறுவோர் முதலில் செய்வது மின்சாரத்தை நிறுத்துவதே. அதுவே பெருந்தவறாகவும் முடியும். முதிர்ந்த தட்டு ஒருமுறை நின்றுவிட்டால், படிப்புமுனை தகட்டோடு ஒட்டிக்கொண்டு மீண்டும் சுழலாமற் போவதுண்டு. எனவே அவர், கணினி இயங்கிக்கொண்டிருந்த போதே பாடல்கள் அனைத்தையும் வலையிணைப்பின் வழி மற்றொரு கணினிக்கு அனுப்பினார். அதன் பின்னரே நிறுத்தினார்.

அப்பெட்டியில் ஓரங்குல உயரமுள்ள இரண்டு தட்டுகளுக்கு இடமுண்டு. எண்பது முனைகள் கொண்ட ஸ்கசி இணைப்பில் அவை நேரே செருகிக்கொள்ளும். அடையாள எண் தட்டைச் சார்ந்ததன்று. செருகும் இடத்தைச் சார்ந்தது. ஓரிடம் 3, மற்றது 1. விரைவாகச் சுழலும் தட்டு அந்த ஒடுங்கிய பெட்டியில் பெருவெப்பத்தை உண்டாக்கும் என்பதால், அவர் நிதானமான தட்டையே தேர்ந்தார். பழையதை அதன் இடத்திலேயே விட்டு, புதியதை இரண்டாம் இடத்தில் செருகினார். நல்லூழாகப் பழைய தட்டு மீண்டும் சுழன்றது. புதியதைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் படியெடுத்தார்.

கோப்புகளை மாற்றினால் மட்டும் போதாது. கணினியைத் துயிலெழுப்பும் தொடக்கக் குறிப்பைத் தனியே எழுத வேண்டும். அஃதின்றேல் எல்லாம் இருந்தும் கணினி எழாது. அதையும் எழுதி, புதியதைப் பழையதன் இடத்துக்கு மாற்றினார். இயக்கியதும், மூலத்தையும் படியையும் வரிவரியாக ஒப்பிட்டார். பழைய தட்டை எறியாமல் உறையிலிட்டுப் பேழையில் வைத்தார்.

இம்முறை தமிழருக்குப் புதியதன்று. ஓலை நலிந்தால் புது ஓலையில் படியெடுப்பதே முன்னோர் மரபு. பிற்காலத்தார் அதில் பாதியை மறந்தனர். படியெடுக்காமலே ஏடுகளை ஆடிப்பெருக்கில் விட்டனர். நெய்யில் தோய்த்துத் தீயிலும் இட்டனர். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடு தேடிச் சென்ற ஊர்களில் இச்செய்தி கேட்டு நெஞ்சம் நொந்தார். பழையதைக் கழிப்பது குற்றமன்று. படியெடுக்கும் முன் கழிப்பதே குற்றம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் பல இடிக்கப்பட்டன. அவ்வாழ்வின் பாடல்கள் இன்று முதியோர் சிலரின் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அந்நெஞ்சங்களும் முதிர்ந்த தட்டுகளே. நின்றுவிட்டால் மீளச் சுழலா. இரும்புத் தட்டு முனகி எச்சரிக்கிறது. மனிதரோ பல வேளைகளில் ஓசையின்றியே ஓய்ந்துவிடுகின்றனர். படியெடுக்க வேண்டிய பொழுது, ஒலி கேட்டுக்கொண்டிருக்கும் பொழுதே.