உறைமேல் எழுதிய பெயர்கள்

கடந்த வருடம் மார்கழி மழையில் எங்கள் வீட்டு மேல்தட்டு ஒழுகத் தொடங்கியது. பதுளையில் மழை பிடித்தால் இலேசில் விடாது. மேலே கிடந்த சாமான்களையெல்லாம் வாப்பா ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். பழைய தொட்டில், ஓடாத தையல் மெஷின், தகரப் பெட்டிகள். அவற்றோடு, அந்தக் காலத்தில் தேயிலை அடைத்து அனுப்பிய பலகைப் பெட்டிகள் இரண்டும் இறங்கின. அதில் ஒன்றைத் தூக்கிய வாப்பா, “என்ன இது, உள்ளுக்கு கல்லா?” என்றார்.

கல் அல்ல. கறுப்பு இசைத்தட்டுகள்.

வாப்பாவின் வாப்பாவை நாங்கள் ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எழுபத்தைந்து வயது. சில மாதங்களாக அவரிடம் பேச்சுக் குறைந்திருந்தது. காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுவார். அன்று நாற்காலியில் இருந்தபடியே, “மெதுவா, மெதுவா! விழுந்தா கண்ணாடி மாதிரிப் போயிடும்” என்று சத்தமிட்டார். பெட்டியைத் தன் காலடியில் வைக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “எனக்கு இப்ப கண் தெரியுதில்ல மகள். இதையெல்லாம் ஒரு கொப்பியில எழுதித் தாறீங்களா?” என்று கேட்டார்.

நான் விஞ்ஞானப் பிரிவு மாணவி. விடுமுறைக் காலம் அது. ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து நிரல்கள் கீறினேன். மூன்று நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஐந்து மாதங்கள் சென்றன.

அப்பாவின் வாப்பா பதுளை பஸாரில் ஒரு சிறிய கடை வைத்திருந்தார். மணிக்கூடு, கிராமபோன், பிறகு ரேடியோ என்று திருத்தும் கடை. தோட்டங்களிலிருந்து சம்பள நாளையடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்களாம். பெரும்பாலும் கங்காணிமார் வீடுகளில்தான் கிராமபோன் இருந்தது. ஆனால் கேட்பது முழு லயமும். வாசலில் பெட்டியை வைத்துச் சாவி கொடுத்தால், காம்பராக்களிலிருந்து எல்லோரும் வந்து குந்திவிடுவார்கள் என்று அப்பா சொன்னார்.

இசைத்தட்டை முதன்முதலில் கையில் எடுத்தபோது அதன் பாரம் என்னை வியக்க வைத்தது. அது பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. புரசு முதலான மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறிய பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. பார்சல்களுக்கு முத்திரை வைப்பதும், மாத்தளைக் கைவினைஞர்கள் பிரம்புகளிலும் பெட்டிகளிலும் வர்ணக் கோலம் போடுவதும் இதே அரக்கினால்தான். அதனோடு கல்தூளும் கறுப்புக்காகக் கரியும் சேர்த்துச் சூடாக்கி அழுத்தினால் இசைத்தட்டு. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே போனது. ஆரம்ப காலத்தில் இந்தியப் பாடகர்களின் தட்டுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் இந்த அலைச்சல் குறைந்தது.

ஒரு நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பாட்டு. கொஞ்சம் நீண்ட பாட்டென்றால் பாதியில் நிறுத்தித் தட்டைப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட வேண்டும். தட்டிலுள்ள கல்தூள் ஊசியைத் தேய்த்துவிடும். அதே ஊசியை மறுபடி போட்டால், அது தட்டைத் தேய்த்துவிடும்.

லேபலை வாசிக்க அப்பாதான் பழக்கினார். கிராமபோனின் முன்னே காது கொடுத்து இருக்கும் நாய் என்றால் எச்.எம்.வி. இசைக்குறி போட்டிருந்தால் கொலம்பியா. இவற்றோடு ஓடியன், டுவின். லேபலில் அச்சான இலக்கம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. ஆனால் லேபலின் ஓரத்தில் அரக்கிலேயே பதிந்த இன்னொரு சிறிய இலக்கம் உண்டு. அது பக்கத்துக்குப் பக்கம் மாறும். அதுதான் அந்த ஒலிப்பதிவின் அடையாள அட்டை. லேபல் கிழிந்தாலும் அது அழியாது. டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து அதை வாசிப்பது எனக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

மொத்தம் 61 தட்டுகள். எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், எம்.கே. தியாகராஜ பாகவதர். தமிழ்நாட்டு மேடைகளை ஆண்ட கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் 1920களில் சந்தித்துக்கொண்டது நமது கொழும்பில்தான் என்பதை இந்தக் கொப்பியை எழுதும்போதுதான் அறிந்துகொண்டேன். சிங்களத் தட்டுகளும் இருந்தன. அவற்றில் முகைதீன் பேக்கின் பெயரைக் கண்டதும் உம்மாவுக்குச் சந்தோஷம். சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்த அந்த முஸ்லிம் பாடகர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் வெசாக் காலத்தில் முதியங்கன விகாரைப் பக்கமிருந்து இன்றும் எங்கள் வீடுவரை கேட்கும்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாவது தட்டில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கேட்காமலே, காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒரு இழுவை இழுத்தேன். பஞ்சு கறுப்பானது. அழுக்குப் போகிறது என்று மகிழ்ந்து இன்னொரு இழுவை. காய்ந்ததும் பார்த்தால் அந்த இடம் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்துக் கிடந்தது. போனது அழுக்கு அல்ல, பாட்டு. அரக்கு மதுசாரத்தில் கரையும். தச்சுப் பட்டறையில் பொலிஷ் போடுபவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பூசுகிறார்கள்! வகுப்பில் கரைப்பான்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நான், வீட்டில் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. லேபல் நனையாமல், இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் கலந்து, மெல்லிய துணியால் கோட்டின் வழியே துடைத்திருந்தால் போதும்.

அப்பா கோபிக்கவில்லை. தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது யாருட?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. “எங்கடதானே அப்பா?”

“உறையைப் பாருங்க.”

அதுவரை நான் உறைகளைக் கவனித்ததே இல்லை. கடைப் பெயர் அச்சடித்த காகித உறைகள் பல செல்லரித்திருந்தன. எழுத வேண்டியது தட்டில்தான் இருக்கிறது என்று அவற்றை ஒரு பக்கமாகக் குவித்து வைத்திருந்தேன். நல்ல வேளை, எறியவில்லை. இப்போது ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பென்சில் எழுத்து. ஒரு பெயர், ஒரு தோட்டம், லயத்தின் இலக்கம், ஒரு திகதி. 1970, 1971, 1973. அப்படிப் பெயர் எழுதிய உறைகள் 23. பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவை அவர்களுடையவை.

அன்று பின்னேரம் முழுதும் அப்பா பேசினார். காலையில் சாப்பிட்டதை மறந்தவர், ஐம்பது வருடத்துக்கு முந்திய முகங்களை மறக்கவில்லை.

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழ் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேரை இலங்கை ஏற்கும் என்று முடிவானது. மீதி 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. வரலாற்றுப் பாடத்தில் இவை எனக்கு வெறும் எண்கள். அப்பாவுக்கோ, கடைக்கு வந்துபோன ஆட்கள்.

“பாஸ்போட் வந்தவங்க சாமானை வித்துட்டுப் போவாங்க மகள். கிராமபோனை எங்கட வாப்பா காசு குடுத்து வாங்குவார். தட்டை மட்டும் சிலபேர் விக்க மாட்டாங்க. கொண்டுபோனா வழியில உடையும். ‘இருக்கட்டும் நானா, நான் வந்து எடுக்கிறன், இல்லாட்டி ஆள் அனுப்புறன்’ என்பாங்க. வாப்பா உறையில பேரை எழுதுவார்.”

பதுளை ஸ்டேஷனில் ஏறியவர்கள் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் இறங்கினார்கள். அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஏறியவர்களும் அழுதார்கள், பிளாட்போமில் நின்றவர்களும் அழுதார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்றும் ஆனது. போனவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு திறந்த தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள்.

தட்டுகளை எடுக்க ஒருவரும் வரவில்லை. கடை கைமாறியபோதும் பெட்டிகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இதற்கிடையில் சாச்சா கொழும்பிலிருந்து வந்தார். பழைய பொருட்கள் வாங்கும் ஒருவர் பெட்டிகளை மொத்தமாகக் கேட்பதாகச் சொன்னார். சாச்சாவைக் குறை சொல்ல முடியாது. அப்பாவின் மருந்துச் செலவில் பாதியை அவர்தான் பார்க்கிறார். “மேல்தட்டில கிடந்து பூஞ்சணம் பிடிக்கிறதுக்கு, யாராவது கேட்டாலாவது நல்லம்” என்றார். பாட்டுக் கேட்பதில் அவ்வளவு விருப்பமில்லாத வாப்பும்மா சாச்சாவின் பக்கம்தான் நிற்பார் என்று நினைத்தேன்.

வாப்பும்மா தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: “பேர் எழுதினது எத்தனை மகள்?”

“இருபத்திமூணு.”

“அது விக்க ஏலாது. அது அமானத்து. உள்ளுக்கு பாட்டு இருந்தா என்ன, பவுன் இருந்தா என்ன?”

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை மத்ரஸாவில் ஐந்து வயதில் படித்தேன். அது நகைக்கும் காசுக்கும் உரிய சட்டம் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

முடிவு இப்படியானது: பெயரில்லாத 38 தட்டுகள் கடையின் சொந்தச் சரக்கு. அவற்றில் உடைந்த நான்கைத் தவிர்த்து மற்றவற்றைச் சாச்சா கொண்டுபோனார். பெயருள்ள 23 எங்களிடம் நின்றன. நான் கொப்பியைத் திருப்பி இரண்டு புதிய நிரல்கள் கீறினேன். ஒன்றின் தலைப்பு ‘உரியவர்’, மற்றது ‘ஒப்படைத்த திகதி’. பன்னிரண்டாம் தட்டுக்கு எதிரே, நிலைமை என்ற நிரலில், ‘ஒரு பக்கம் பழுது. என் பிழை’ என்று எழுதினேன்.

இரண்டாவது நிரல் வெறுமையாகவே கிடக்கும் என்றுதான் நினைத்தேன். டியூஷன் வகுப்பில் என்னோடு இருப்பவள் பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. ஒரு நாள் என் பையிலிருந்த கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள். “இது எங்க லயம்டி. இந்தப் பேரு... எங்க அப்பாயியோட அப்பா பேரு.”

அவள் விரல் நின்றது பன்னிரண்டாம் இலக்கத்தில்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்திமூன்றில் இருபத்திரண்டு முழுசாக இருக்க, கேட்டு வந்தது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு அவளுடைய அப்பாயி வந்தார். எழுபது தாண்டியவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவை உற்றுப் பார்த்து, “சின்ன நானாதானே?” என்றார். அப்பா உடனே அவருடைய தகப்பனின் பெயரைச் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தகப்பனும் தம்பிமாரும் 1971இல் போனார்களாம். இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த குடும்பத்தில் மணமுடித்திருந்ததால் இவர் நின்றுவிட்டார். தகப்பன் கோத்தகிரியில் மௌத்தானது கடிதத்தில்தான் தெரிய வந்தது. அவர் கைபட்ட ஒரு சாமானும் தன்னிடம் இல்லை என்றார்.

நான் தட்டை உறையோடு அவர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போதே நடந்ததைச் சொன்னேன். என் குரல் நடுங்கியது. அவர் பாட்டுப் பக்கத்தைப் பார்க்கவில்லை. உறையிலிருந்த பென்சில் எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என் தோழி வாசித்துக் காட்டினாள்.

பிறகு, “மத்தப் பக்கம் பாடுமா?” என்று கேட்டார்.

வாப்பும்மா அஸர் தொழுது முடிக்கும்வரை காத்திருந்தோம். கடையின் கடைசிக் கிராமபோனுக்கு அப்பாவே சாவி கொடுத்தார். புது ஊசி போட்டார். முதலில் மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து சுந்தராம்பாளின் குரல் எழுந்தது. சுருள்வில் தளர்ந்துபோனதால் முடிவில் வேகம் குறைந்து குரல் கனத்தது. மூன்று நிமிடம். ஒருவரும் மறுபடி போடச் சொல்லவில்லை.

பாடியவரின் பெயர் லேபலில் அச்சாகியிருக்கிறது. அவரைப் பற்றிப் புத்தகங்களும் இருக்கின்றன. வேலை முடிந்து வந்து லயத்து வாசலில் குந்திக் கேட்டவர்களின் பெயரோ ஒரு காகித உறையில், பென்சிலில், பூஞ்சணத்துக்கும் மழைக்கும் நடுவே இருந்தது. அதைத்தான் நான் குவித்து ஒதுக்கி வைத்திருந்தேன்.

கொப்பியில் ‘ஒப்படைத்த திகதி’ என்ற நிரலில் இப்போது ஒரேயொரு பதிவு இருக்கிறது. இன்னும் 22 பாக்கி. இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ, ஊவாத் தோட்டங்களிலிருந்து அக்கரை போனவர்களின் உறவுகள் இருந்தால் எங்கள் வகுப்புக்கு வந்து என்னைக் கேளுங்கள். கொப்பி என் பையில்தான் இருக்கும்.

- உயர்தரம் இரண்டாம் வருடம், விஞ்ஞானப் பிரிவு