அந்தலூஸுக்குப் போகும் வீட்டு வண்டி

ஐரோப்பாவில் ஜூலை மாதம் பிறந்ததும் பெருந்தெருக்களின் முகமே மாறிவிடும். பாடசாலைகள் மூடப்பட்டதும் பிரான்ஸிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஒல்லாந்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டு விடுவார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே, லொறியைப் போல உயர்ந்து, பக்கங்களில் சிறு யன்னல்களும் திரைச்சீலைகளும் வைத்த வெள்ளை வண்டிகளைக் காண்பீர்கள். அவற்றுக்கு மோட்டார் ஹோம் என்று பெயர். நாம் வீட்டு வண்டி என்று சொல்லிக் கொள்வோம்.

வாசகர்களே! உங்கள் மகனோ மருமகனோ லண்டனிலோ பரிஸிலோ இருந்து, கோடையில் வந்து நாலு இடம் பார்த்துப் போங்கள் என்று அழைத்தால், இந்த வண்டியின் பேச்சை அவர் காதில் மெல்லப் போட்டு வையுங்கள். மலிவு என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. கோடை உச்சத்தில் ஒரு வார வாடகை ஆயிரம் யூரோவையும் தாண்டிவிடும். நூறு கிலோமீற்றருக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் டீசலும் குடிக்கும். ஆனால் ஹொட்டேலில் தங்கிப் பயணம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துக்கு என்னென்ன கஷ்டம் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக் கடையில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற கவலை. தொழ இடமில்லை, வுழூச் செய்யத் தண்ணீரில்லை என்ற கவலை. பெண் பிள்ளைகள் மறைவாக உடை மாற்ற வழியில்லை. இந்த வண்டியில் குசினி உங்களுடையது, தண்ணீர் உங்களுடையது, கதவும் உங்களுடையது.

எங்கே போவது? இத்தாலி, சுவிற்சர்லாந்து என்று எல்லாரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், முதற் பயணம் பரிஸிலிருந்து அந்தலூஸுக்கே இருக்கட்டும் என்பேன். கொர்டோபா வரை ஏறத்தாழ 1,650 கிலோமீற்றர். அந்தப் பாதை நெடுகிலும் நமது வரலாறு கிடக்கிறது. போர்தோ நோக்கிப் போகும் பெருந்தெருவில், தூர் நகருக்கும் புவாத்தியே நகருக்கும் இடையே, 732ஆம் ஆண்டு அப்துர் ரஹ்மான் அல் காஃபிகி ஷஹீதான போர் நடந்த பகுதியைக் கடப்பீர்கள். அரபு நூல்கள் ‘பலாத்துஷ் ஷுஹதா’ என்று குறிப்பிடும் போர் அதுதான். இன்று அங்கே கோதுமையும் சூரியகாந்தியும் விளைகின்றன.

புறப்படும் முன் வண்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். சாதாரண கார் லைசன்ஸில் ஓட்டக் கூடியவை பொதுவாக 3,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகள். ஆட்களும் சாமான்களும் தண்ணீரும் அந்த எடைக்குள் அடக்கம். ஆகவே அரிசி மூட்டையை ஏற்றும்போது யோசித்து ஏற்றுங்கள். எத்தனை ஆசனங்களுக்குப் பட்டி இருக்கிறதோ அத்தனை பேர்தான் பயணம் செய்யலாம். வண்டி ஓடும்போது உம்மா எழுந்து நின்று தேநீர் ஊற்றுவது படத்துக்கு அழகு, சட்டத்துக்கும் உயிருக்கும் ஆகாது.

தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் நூறு லீற்றர் அளவில் இருக்கும். ஐந்து பேர், ஐந்து நேரம் வுழூச் செய்தால் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பாருங்கள். குழாயைத் திறந்துவிட்டு ஆளுக்கு மூன்று லீற்றர் செலவழித்தால் ஒரு நாளைக்கு 75 லீற்றர் வுழூவுக்கே போய்விடும். சமையலுக்கும் கழுவுவதற்கும் என்ன மிஞ்சும்? நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு அது, முக்கால் லீற்றருக்கும் குறைவு. வீட்டில் குழாயடியில் நின்று எத்தனை முறை சொல்லியும் பிள்ளைகளுக்கு ஏறாத பாடம், தொட்டியின் முள் கீழே இறங்குவதைக் கண்டதும் ஒரே நாளில் ஏறிவிடும். ஒரு சிறு செம்பு கொண்டு போங்கள். மலசலகூடத்துக்கு ஒரு போத்தலும் வையுங்கள். ஆனால் அதன் அடியிலுள்ள பெட்டி இருபது லீற்றர் அளவுதான் கொள்ளும். தாராளமாகத் தண்ணீர் ஊற்றினால் தினமும் கொண்டு போய்க் கொட்ட வேண்டியிருக்கும். அந்த வேலையை வாப்பாமாருக்கு என்று முதலிலேயே தீர்மானித்து விடுவது நல்லது.

பிரான்ஸில் சிற்றூர்களில் கூட இவ்வண்டிகளுக்கென்று நகரசபை ஒதுக்கிய இடங்கள் உண்டு. தண்ணீர் நிரப்பலாம், அழுக்கு நீரைக் கொட்டலாம், இரவு தங்கலாம். பெருந்தெரு ஓரத்து ஓய்விடங்களில் இரவு தங்காமல் ஒரு ஐந்து நிமிடம் உள்ளே போய் இந்த ஊர்களில் தங்குங்கள். பாதுகாப்பு ஒரு காரணம், நிம்மதியான தூக்கம் இன்னொன்று. ஸ்பெயினில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சாதாரண வாகனத் தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்தி உள்ளே உறங்கலாம். வெளியே கதிரை போட்டாலோ பந்தல் விரித்தாலோ அது கூடாரம் அடித்ததாகக் கணக்கு. குற்றப்பணம் வரும். ஜூலை கடைசிச் சனிக்கிழமையும் ஒகஸ்ட் முதற் சனிக்கிழமையும் பிரான்ஸின் தெருக்களில் இறங்கவே வேண்டாம். 1975 ஒகஸ்ட் 2ஆம் திகதி நாடெங்கும் மொத்தம் 600 கிலோமீற்றர் நீளத்துக்கு வாகனங்கள் முடங்கிக் கிடந்தன. அதற்குப் பிறகே போக்குவரத்து நெரிசலை முன்கூட்டி அறிவிக்கும் ஏற்பாட்டை அந்நாட்டு அரசு தொடங்கியது.

உணவு பெரிய சிக்கலில்லை. பிரான்ஸின் பெரிய நகரங்களில் எல்லாம் ஹலால் இறைச்சிக் கடைகள் உண்டு. ஸ்பெயினில் மொரோக்கோ சகோதரர்கள் குடியிருக்கும் பகுதிகளில் கிடைக்கும். மீன் எங்கும் தாராளம். ஸ்பானிய இனிப்புகளிலும் பிஸ்கட்களிலும் மட்டும் ‘மந்தேக்கா’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பன்றிக் கொழுப்பைத்தான் அப்படி எழுதுவார்கள். கருவாடு கொண்டு போகலாமா என்று ஒரு ராத்தா கேட்பது எனக்குக் கேட்கிறது. வேண்டாம் ராத்தா, பக்கத்து வண்டிக்காரர் பொலிஸை அழைத்துவிடுவார்.

இனித் தொழுகைக்கு வருவோம். கோடையில் ஐரோப்பாவின் பகல் நமது பகலல்ல. பரிஸில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகும். அந்நாட்களில் அங்கே அடிவானத்தின் வெண்மை முழுதாக அகலாமலே அடுத்த வைகறை வந்துவிடுகிறது. ஆகவே இஷாவுக்கும் சுபஹுக்கும் அவ்வூர்ப் பள்ளிவாசலின் அட்டவணையைப் பின்பற்றுங்கள். ஸ்பெயினின் கொர்டோபாவிலோ லுஹர் நேரமே பிற்பகல் 2.20 அளவில்தான். 1940இல் பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைத்தது, இன்றும் அப்படியே ஓடுகிறது. கோடையில் இன்னும் ஒரு மணித்தியாலம் கூடும். கொழும்பில் பன்னிரண்டே காலுக்கு லுஹர் தொழுது பழகியவருக்கு முதல் நாள் தலை சுற்றும்.

பயணத்தில் கஸ்ர், ஜம்உச் சலுகைகள் இருப்பது தெரிந்ததே. ஆனால் வீட்டு வண்டிக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் நமது ஷாஃபிஈ மத்ஹப் நூல்களில் இருக்கிறது. எங்கே போகிறோம் என்ற தீர்மானமில்லாமல், கால் போன போக்கில் அலைபவருக்குக் கஸ்ர் கிடையாது. குறிப்பிட்ட ஓர் இடத்தை நாட வேண்டும். இந்த வண்டியில் போவோரின் பெருமையே ‘எங்கே என்று தீர்மானிக்காமல் போகிறோம்’ என்பதுதான்! நீங்கள் கொர்டோபா என்று நிய்யத் வைத்துப் புறப்படுங்கள். ஓர் ஊருக்கு வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணினாலும் சலுகை நின்றுவிடும். நுணுக்கங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொண்டே போங்கள். கிப்லாவுக்குத் திசைகாட்டி வைத்திருப்பவர்கள் வண்டிக்கு வெளியே இறங்கிப் பார்க்க வேண்டும். உள்ளேயிருக்கும் இரும்பு முள்ளை ஏமாற்றும்.

மட்ரிட்டைத் தாண்டித் தெற்கே இறங்கினால் தெஸ்பெனியாபெரோஸ் என்ற மலைக் கணவாய் வரும். அதைக் கடந்ததும் லாஸ் நாவாஸ் தே தொலோஸா. 1212இல் முவஹ்ஹிதுகளின் படை இங்கே தோற்றது. 24 ஆண்டுகளில் குர்துபா எனும் கொர்டோபா கைமாறிற்று. இங்கிருந்து பெயர்ப் பலகைகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். குவாதல்கிவீர் என்றால் வாதீ அல் கபீர், பெரிய ஆறு. அல்ஹெசிராஸ் என்றால் அல் ஜஸீரா. கடையில் சீனி ‘அஸூகார்’, எண்ணெய் ‘அஸெய்த்தே’. அரபு மத்ரஸாவில் படிக்கும் பிள்ளை சுக்கரையும் ஸைத்தையும் உடனே கண்டுபிடித்துவிடும்.

கொர்டோபாவின் வெயில் விளையாட்டல்ல. ஜூலை, ஒகஸ்டில் 40 பாகை என்பது சாதாரணம். 2021 ஒகஸ்டில் அம்மாகாணத்தில் 47 பாகைக்கு மேல் பதிவாயிற்று. எஞ்சினை நிறுத்தினால் முன்பக்கக் குளிரூட்டி நின்று வண்டி போறணையாகிவிடும். மின்சாரம் தரும் இடமாகப் பார்த்துத் தங்கி, சுபஹ் தொழுதுவிட்டு நடமாடி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

பெரிய பள்ளிவாசலைக் காலையில் திறந்தவுடன் பாருங்கள். அப்துர் ரஹ்மான் அத் தாகில் 785 அளவில் தொடங்கி, அல் மன்சூர் 987 அளவில் செய்த விஸ்தரிப்பு வரை இரு நூற்றாண்டுகள் வளர்ந்த கட்டடம். எண்ணூற்றைம்பதுக்கும் அதிகமான தூண்கள், அவற்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாய் இரட்டை வளைவுகள். இரண்டாம் அல் ஹகம் அமைத்த மிஹ்றாபின் தங்க நிறப் பளிங்குத் துணுக்குகளில் ஆயத்துகள் இன்றும் ஒளிர்கின்றன. 1236இல் தேவாலயமாக்கப்பட்டு, 1523 முதல் தூண்களை இடித்து நடுவே பெரிய ஆலய மண்டபமும் எழுப்பப்பட்டது.

இங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை. இதை முன்பே தெரிந்து கொண்டு போங்கள். 1933இல் அல்லாமா இக்பால் இங்கே தொழுதார், அது விதிவிலக்கு. 2010இல் ஒஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர் சிலர் தொழ முற்பட்டபோது காவலர்களுடன் கைகலப்பாகி இருவர் கைதாயினர். வயதான வாப்பாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் முதல் நாள் இரவே பக்குவமாகச் சொல்லி வையுங்கள். மிஹ்றாபின் முன்னே நின்று கையைக் கட்ட முடியாமல் திரும்புவது லேசான காரியமல்ல. ‘ஏன் தொழக் கூடாது?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். கோபத்தை அவர்கள் தலையில் ஏற்றி வைக்காமல், கட்டியவர் யார், எப்படிக் கைமாறியது, இன்று யார் பொறுப்பில் இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சண்டை பிடித்துத் தொழ வேண்டும் என்று மார்க்கம் நம்மைக் கேட்கவில்லை. சுவர்களுக்கு வெளியே உங்கள் வண்டி நிற்கிறது. செம்பில் தண்ணீர் இருக்கிறது. மேசையை மடித்தால் ஒரு முஸல்லா விரியும். ஒருவர் பின் ஒருவராக, திரையை இழுத்துவிட்டுத் தொழுங்கள். ஜமாஅத்தாகத் தொழ விரும்பினால் கொலோன் சதுக்கப் பூங்காவில் ஒரு சிறு பள்ளி இருக்கிறது.

கர்னாத்தா எனும் கிரனாடாவில் மனம் கொஞ்சம் ஆறும். அல்ஹம்ராவுக்குச் சீட்டு முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும், கோடையில் வாசலில் கிடைக்காது. அதற்கு எதிர்க்குன்றான அல்பைஸினின் சந்துகளில் உங்கள் வண்டி நுழையாது. கீழே விட்டுவிட்டுச் சிறு பஸ்ஸில் ஏறுங்கள். அங்கே 2003 ஜூலை 10ஆம் திகதி ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. இஸ்லாத்தைத் தழுவிய ஸ்பானியர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடிக் கட்டியது. 1492இல் இந்நகர் வீழ்ந்த பின் இங்கே முதன்முதல் அதற்கெனவே எழுப்பப்பட்ட பள்ளி. ஒலிபெருக்கி இல்லாமல் முஅத்தின் மினாராவில் ஏறி நின்று பாங்கு சொல்கிறார். பள்ளத்துக்கு அப்பால் அல்ஹம்ரா தெரிகிறது. அதன் சுவர்களில் ‘வலா காலிப இல்லல்லாஹ்’ என்று ஓயாமல் செதுக்கி வைத்திருக்கிறார்கள், அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை என்று.

நாட்கள் மிஞ்சினால் அல்ஹெசிராஸ் வரை இறங்குங்கள். பக்கத்துத் தரீபா, 710இல் கரையிறங்கிய தரீப் பின் மாலிக்கின் பெயரைத் தாங்கிய ஊர். அங்கிருந்து ஆபிரிக்கா 14 கிலோமீற்றர்தான். கோடை முழுதும் இந்தத் துறைமுகங்களில் தாயகம் போகும் மொரோக்கோ குடும்பங்களின் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். இவர்களுக்காக 1986 முதல் ஸ்பெயின் அரசு ஒவ்வொரு கோடையிலும் தனி ஏற்பாடு செய்து வருகிறது. அண்மைய ஆண்டுகளில் ஒரு கோடைக்கு முப்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் கடக்கிறார்கள். கூரைமேல் மெத்தை, சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் கட்டிக்கொண்டு, பெல்ஜியத்திலிருந்து ஒரே ஓட்டமாக வந்தவர்களும் உண்டு. அந்த அவசரத்தை மட்டும் நீங்கள் பழகாதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தத்தான் வேண்டும்.

கப்பலுக்குக் காத்திருக்கும் அந்த வரிசையோரம் போய் ஸலாம் சொல்லிப் பாருங்கள். சிறு அடுப்பை மூட்டி, புதினா போட்ட தேநீர் வந்துவிடும். அவர்கள் குடிப்பது சீனத்துப் பச்சைத் தேயிலை. உங்கள் பெட்டியிலிருந்து நமது தேயிலையில் ஒரு பொதியைக் கொடுங்கள். அதை எப்படி ஊற்றுவது என்பதை நீங்கள்தான் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும்.