நரம்பு எடுத்த பல்லு ஏன் வலிக்குது?

ரூட் கேனால் முடிஞ்ச மறுநாள் மெஸ்ல உட்கார்ந்து, இட்லியைக் கடிக்கவே யோசிச்சிருக்கீங்களா? பக்கத்துல இருக்கிறவன் உடனே கேட்பான்: "அதான் நரம்பையே எடுத்தாச்சே, அப்புறம் என்னடா வலி?" நியாயமான கேள்விதான். கீழ்வரிசையில இடது கடைவாய்ப்பல்லுக்கு மூணு சிட்டிங் முடிச்சுட்டு, கேப் மட்டும் பாக்கி வெச்சிருக்கிற எனக்கும் இதே சந்தேகம் வந்தது.

டாக்டர் எடுத்தது பல்லுக்கு உள்ளே இருந்த நரம்பை மட்டும்தான். பல்லோட வேர் தாடை எலும்போட நேரா ஒட்டியிருக்காது. நடுவுல கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு மெல்லிய தசைநார் இருக்கு. நம்ம மெக்கானிக்கல் பசங்க பாஷையில சொன்னா ஷாக் அப்சார்பர். அதுக்குத் தனி நரம்பு உண்டு, அதை யாரும் தொடல. ஊசி மாதிரி ஃபைலை வேர் நுனி வரைக்கும் விட்டுச் சுரண்டிக் கழுவும்போது அந்த இடம் கொஞ்சம் புண்ணாகும். அதனால கடிச்சா வலிக்கும். ஐஸ் மோர் குடிச்சு சுரீர்னு இழுத்தா, அது பெரும்பாலும் வேற ஏதோ பல்லோட வேலை. சில நாள், சிலருக்கு ஓரிரு வாரம் இந்த வலி இருக்கும். ஆனா நாளுக்கு நாள் குறையணும். குறையாம ஏறினாலோ, முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ கூகுள்ல தேடாம கிளினிக்குக்குப் போயிடுங்க.

இன்னொண்ணும் இருக்கலாம். தற்காலிகமா அடைச்ச சிமென்ட் ஒரு துளி உயரமா நின்னா, வாயை மூடும்போதெல்லாம் மொத்த பாரமும் அந்த ஒரு பல்லு மேலதான் விழும். எனக்கு அதுதான் நடந்தது. நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, கறை பட்ட இடத்தை மட்டும் தேய்ச்சு விட்டாங்க. ரெண்டு நிமிஷ வேலை, பாதி வலி போச்சு. "கடிச்சா இந்தப் பல்லுதான் முதல்ல இடிக்குது"ன்னு தெளிவா சொல்லுங்க, அது போதும்.

ஈசிஈ மக்களுக்கு ஒரு கொசுறு. வேருக்குள்ள அடைக்கிற அந்த ரப்பர் மாதிரி பொருளுக்கு குட்டா பெர்ச்சான்னு பேரு, மலாய் நாட்டு மரப்பால். 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கும் இதுதான் உறை.

சரி, வலி போயிடுச்சு. இனிமேதான் விஷயமே. வலி இல்லாத பல்லுக்கு எதுக்குக் காசுன்னு கேப்பைத் தள்ளிப் போடுறவங்கதான் அதிகம். 1989-ல் வந்த ஒரு ஆய்வில், பிடுங்கிய பற்கள் மேல் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி அழுத்திப் பார்த்தார்கள். ரூட் கேனாலுக்காகப் போட்ட துளையால் பல்லின் விறைப்பு சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் சுவர் போய், குறுக்கே வாய்க்கால் வெட்டினது மாதிரி ஆன பல்லில் 63 சதவீதம்! ஆக, வில்லன் ரூட் கேனால் இல்லை. அதுக்கு முன்னாடியே சொத்தை தின்னுட்டுப் போன சுவர்தான். மிச்சம் நிக்கிற ரெண்டு பக்கச் சுவரையும் ஒவ்வொரு கடியும் ஆப்பு மாதிரி பிளக்குது. கேப் போட்டா, மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்ட மாதிரி சுத்தி வளைச்சுப் பிடிச்சுக்கும்.

எங்க ஹாஸ்டல் மாடியில ஒரு சீனியர் அண்ணன் எட்டு மாசம் தள்ளினார். முதல்ல செமஸ்டர், அப்புறம் பிளேஸ்மென்ட், நடுவுல பணமும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் பீச்சுல வறுத்த கடலை கொறிக்கும்போது 'டக்'குனு ஒரு சத்தம். வேர் வரைக்கும் விரிசல். ஒட்ட வைக்க வழியில்லை, பிடுங்கியாச்சு. அந்த இடத்துல இம்பிளான்ட் வைக்கணும்னா கேப்பை விடப் பல மடங்கு செலவு. இன்னிக்கும் அவர் அந்தப் பக்கம் மெல்லுறதில்லை.

எனக்கு இது நடக்கிறது ஆனி மாசத்துல. காரைக்கால்ல ஆனின்னா மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாம்பழம் இறைப்பாங்க, கீழே கூட்டமே கையை நீட்டும். எனக்கு ரெண்டு சிக்கிச்சு. தோலோட கடிச்சு, கொட்டையைச் சப்புறதுதானே அதோட ருசி? நான் அறைக்கு எடுத்துட்டு வந்து, கத்தியால துண்டு போட்டு, வலது பக்கமா மென்னேன். பார்த்த பயலுக எல்லாம் "தாத்தா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டானுங்க. கூப்பிடட்டும். தற்காலிக அடைப்பு பெயர்ந்தா எச்சில் வழியா கிருமி திரும்ப உள்ளே போகும், செஞ்ச வேலை மொத்தமும் வீண். உங்களுக்குப் பெயர்ந்தா, வலி இல்லைன்னாலும் அன்னிக்கே போன் பண்ணுங்க.

பணம்தான் தடைன்னா, டாக்டர்கிட்ட வெட்கப்படாம கேளுங்க. பல் நிறத்துல சிர்கோனியா கேப் அழகுதான். ஆனா சாதா மெட்டல் கேப் விலை குறைவு, பலமும் உண்டு, பல்லையும் குறைவாத்தான் சீவுவாங்க. கடைசிப் பல்லுல என்ன நிறம் இருக்குன்னு வாய்க்குள்ள டார்ச் அடிச்சா பார்க்கப் போறாங்க? நான் மெட்டல்தான் சொல்லியிருக்கேன். செவ்வாய்க்கிழமை அளவு எடுக்குறாங்க.